வாய்ச்சொல்லா, கையொப்பமிட்ட தாளா: கடைசிக் கால மருத்துவ விருப்பத்துக்கு நான்கு வழிகள்

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை நடை முடித்து டீக்கடை பெஞ்சில் உட்காரும் எங்கள் கூட்டத்தில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். பென்ஷன், முழங்கால் வலி, பேரனின் கல்லூரிக் கட்டணம் என்று மூன்றையும் கடந்தபின் பேச்சு அநேகமாக ஒரே இடத்தில் போய் நிற்கும்: குழாய் குழாயாய் மாட்டிக்கொண்டு இழுத்துக் கிடக்காமல் போய்ச் சேர வேண்டும். அதற்காக என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில்கள் பிரிந்துவிடும். ஒருவர் மகனிடம் சொல்லி வைத்திருக்கிறார். இன்னொருவர் லிவிங் வில், அதாவது கடைசிக் கால சிகிச்சையில் எது வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும் பத்திரம், எழுதலாமா என்று இரண்டு ஆண்டுகளாக யோசிக்கிறார். அந்த நேரத்தில் டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம் என்கிறார் மூன்றாமவர். முடியாத கட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள், நம் பக்கத்தில் அதுதானே வழக்கம் என்கிறார் நான்காமவர். இந்த நான்கு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞனும் அல்லன், மருத்துவனும் அல்லன். என் பெரியப்பாவின் கடைசிப் பத்தொன்பது நாட்களை ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து பார்த்தவன், அதன்பின் எனக்கென்று ஒரு பத்திரம் எழுதி வைத்தவன்.

சட்டம் எதுவரை அனுமதிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காமன் காஸ் என்ற அமைப்பு 2005-ல் தொடுத்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றும், ஒருவர் தன் நினைவு தெளிவாக இருக்கும்போதே கடைசிக் கால சிகிச்சை பற்றிய விருப்பத்தை எழுதி வைக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. அப்போது வகுத்த நடைமுறை நடைமுறைக்கு ஒவ்வாத அளவுக்குக் கடினமாக இருந்ததால், 2023 ஜனவரி 24 அன்று அதே நீதிமன்றம் அதைக் கணிசமாக எளிமைப்படுத்தியது. அனுமதிக்கப்பட்டிருப்பது, பயனற்றுப்போன சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதும் நிறுத்துவதும் மட்டுமே. ஊசி போட்டு உயிரை முடிப்பது இன்றும் குற்றம்தான்.

மதுரை, விருதுநகர்ப் பக்கத்தில் இதைப் பேசும்போது தலைக்கூத்தல் என்ற சொல் எங்கிருந்தாவது வந்து விழும். படுத்த படுக்கையான முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து முடித்துவிடும் அந்தப் பழக்கத்தில் முடிவெடுப்பது பெரியவர் அல்லர், அவரைச் சுற்றியிருப்பவர்கள். லிவிங் வில்லில் முடிவு எழுதியவருடையது. அதற்கு மேல் இரண்டு மருத்துவக் குழுக்களின் ஒப்புதலும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவர்களிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் மேற்கொண்டு பேசிப் பயனில்லை.

## எவற்றை வைத்து எடைபோடுவது

நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். நினைவு தப்பியபின் என் சொல் நிற்குமா என்பது முதலாவது. முடிவின் பாரம் யார் தோளில் இறங்குகிறது என்பது இரண்டாவது. நாட்களும் பணமும் எவ்வளவு கரையும் என்பது மூன்றாவது. சிகிச்சையை நிறுத்திய பிறகும் வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் யாராவது மருந்து தருவார்களா என்பது நான்காவது. இந்த நான்காவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. என் கணக்கில் இரண்டாவதுதான் கனமானது; காரணத்தைப் பெரியப்பாவின் கதை சொல்லும்.

## வழி ஒன்று: பிள்ளைகளிடம் வாயால் சொல்லி வைப்பது

பெரியப்பா மேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். எண்பத்தோரு வயதில் பெரிய அளவில் பக்கவாதம் வந்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வெண்டிலேட்டரில் வைத்தார்கள். "எனக்கு மிஷின் எல்லாம் வேண்டாம்" என்று திண்ணையில் உட்கார்ந்து பலமுறை சொன்னவர். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட பெரியவன் அதைக் கேட்டிருந்தான். ஐந்தாம் நாள் மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கிய சின்னவன் கேட்டிருக்கவில்லை. "இத்தனை வருஷம் அப்பாவுக்கு நான் ஒண்ணும் செய்யல, இப்பவாவது செய்யிறேன்" என்றான் அவன். அண்ணன் சொன்னதும் உண்மை, தம்பியின் தவிப்பும் உண்மை. இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாகப் பேசும்போது எந்த மருத்துவரும் சிகிச்சையைத் தொடரத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது வாரம் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்றார்கள். அதற்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டதும், ஒரு ஏக்கர் நஞ்சையை விற்றதும் பெரியவன்தான். அண்ணன் தம்பி இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

எழுதி வைக்காதவர்களுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. அதே இரண்டு மருத்துவக் குழுக்கள் கூடிப் பார்க்கும். நெருங்கிய உறவினரின் சம்மதம் பெறப்படும். ஆகவே வாய்ச்சொல் முற்றிலும் வீணாகாது. அது பிள்ளைகளின் சம்மதமாக உருமாறித்தான் மருத்துவமனைக்குள் நுழையும். அந்தச் சம்மதம் உடைந்தால் சொல்லும் உடைந்துபோகும். செலவே இல்லாததாகத் தெரியும் இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு இதுதான்: சொன்னவர் போனபின், "நான்தான் அப்பாவை நிறுத்தச் சொன்னேன்" என்ற நினைப்பைச் சுமப்பவர் ஒருவர் இருப்பார்.

ஒரே பிள்ளை இருக்கும் வீட்டிலும், கூடப் பிறந்தவர்கள் உண்மையிலேயே ஒருமனமாக இருக்கும் வீட்டிலும் இது போதும். ஆனால் சொல்வதை ஒருவரிடம் தனியாகச் சொல்லாமல், பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ எல்லோரும் கூடியிருக்கும்போது, வெளியூர்ப் பிள்ளையும் மருமக்களும் கேட்கும்படி சொல்ல வேண்டும். செல்போனில் வீடியோ எடுத்து வைப்பது லிவிங் வில் ஆகாது. என்றாலும் பின்னாளில் "அப்பா அப்படிச் சொல்லவே இல்லை" என்ற வாக்குவாதத்தை அது அடக்கும்.

## வழி இரண்டு: லிவிங் வில் எழுதிச் சான்றொப்பம் பெறுவது

செய்ய வேண்டியது பயமுறுத்தும் அளவுக்குப் பெரிதல்ல. பதினெட்டு வயது நிரம்பிய, மனத்தெளிவுள்ள எவரும் தாமாக முன்வந்து எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ, அதாவது பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரியிடமோ, சான்றொப்பம் பெற வேண்டும். 2018-ல் நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டும் என்றிருந்தது. 2023-ல் அது நீக்கப்பட்டது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. சாட்சிகள் இருவரும் கூடியவரை சொத்தில் பங்கோ பகையோ இல்லாதவர்களாக இருப்பது நல்லது. பங்காளியைச் சாட்சியாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பது நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிரதிகள் மூன்று இடங்களுக்குப் போக வேண்டும்: பத்திரத்தில் பெயர் குறிப்பிட்ட உறவினர், குடும்ப மருத்துவர், உள்ளாட்சி அமைப்பில் இதைப் பாதுகாக்கும் பொறுப்புள்ள அலுவலர். மதுரை நகருக்குள் என்றால் மாநகராட்சி. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்றால் நகராட்சி. கிராமம் என்றால் ஊராட்சி. அலுவலகத்தில் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை கேளுங்கள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தத் தாள் புதிதாக இருந்தால், ஒப்புகையோடு கூடிய தபாலில் அனுப்பிவிட்டு அந்தச் சீட்டைப் பத்திரத்தோடு குத்தி வையுங்கள்.

பத்திரம் உயிர் பெறும் நேரம் எது என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. எழுதியவர் மீள வழியில்லாத நோயின் இறுதிக் கட்டத்தில் இருந்து, தாமே முடிவு சொல்லும் திறனையும் இழந்திருந்தால் மட்டுமே அது செயல்படும். சிகிச்சையளிக்கும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு வல்லுநர்களும் அடங்கிய முதல் குழு பார்க்கும். அதன்பின் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் ஒருவரும் வேறு இரு வல்லுநர்களும் கொண்ட இரண்டாம் குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். நிறுத்துவதற்கு முன் நீதித்துறை நடுவருக்குத் தகவல் தர வேண்டும். அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். நம் பகுதிக்கு அது உலகனேரியில் 2004 முதல் இயங்கும் மதுரைக் கிளை.

மறைந்திருக்கும் செலவு இங்கே நாட்கள்தான். எல்லாம் சுணங்காமல் நடந்தாலும் இரண்டு குழுக்களுக்கும் சேர்த்து நான்கு நாட்கள் வரை ஆகலாம், ஐ.சி.யு. பில் அந்த நான்கு நாட்களும் ஓடிக்கொண்டிருக்கும். இந்த நடைமுறையைச் செய்து பழகாத மருத்துவமனையில் குழு கூட்டுவதற்கே தயக்கம் இருக்கக்கூடும். ஆகவே நீங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனையில், உடல் நன்றாக இருக்கும்போதே, இப்படி ஒரு பத்திரம் கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதிலைவிடச் சொல்லும்போது முகம் எப்படி இருக்கிறது என்பது அதிகம் சொல்லும்.

எழுதும் வாசகத்தில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். "என்னைக் கஷ்டப்படுத்தாமல் நிம்மதியாகப் போக விட வேண்டும்" என்பது மனத்தைத் தொடும் வாக்கியம். ஒரு மருத்துவக் குழுவுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. தெளிவில்லாத பத்திரத்தைச் செயல்படுத்த வேண்டியதில்லை என்றே தீர்ப்பு சொல்கிறது; அப்போது நீங்கள் எழுதாதவர்களின் வரிசைக்கே திரும்பிவிடுவீர்கள். வெண்டிலேட்டர், இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்பது, டயாலிசிஸ், மூக்கு வழியாக உணவுக்குழாய், கழுத்துத் துளை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வேண்டும், வேண்டாம், சில நாள் முயன்று பார்க்கலாம் என்று எழுதுவதே சரி. எழுதும் முன் குடும்ப மருத்துவரிடம் ஒரு அரை மணி நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். தளர்ந்த எலும்புள்ள முதியவருக்கு மார்பை அழுத்தும்போது விலா எலும்பு முறிவது சாதாரணம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "எந்த நிலையிலும் வெண்டிலேட்டர் வேண்டாம்" என்று ஒரே அடியாக எழுதிவிடாதீர்கள். வயல்வேலையில் நாகமோ, இரவில் தரையில் படுத்திருக்கும்போது கட்டுவிரியனோ தீண்டி மூச்சுத் தசைகள் செயலிழந்தவர், விஷமுறிவு மருந்தோடு சில நாள் வெண்டிலேட்டரில் இருந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போவது நம் பக்கத்து மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. நிமோனியாவும் அப்படித்தான். மீளக்கூடிய நோய்க்கு முழு சிகிச்சையும் வேண்டும், மீள முடியாது என்று குழு உறுதி செய்தபின் இன்னின்னவை வேண்டாம் என்று பிரித்து எழுதினால் அந்த ஆபத்து இல்லை. உறுப்புக் கொடைக்குப் பதிந்திருப்பவர்கள் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளை எடுக்கும்வரை வெண்டிலேட்டர் ஓடியாக வேண்டும். அதற்கு மட்டும் விலக்கு அளிக்காவிட்டால் உங்களுடைய இரண்டு விருப்பங்களும் ஒன்றோடொன்று மோதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உங்களுக்காகப் பேசப்போகிறவரின் பெயர். 2023-க்குப் பிறகு ஒருவருக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். மூத்த மகன் என்பதற்காக அவன் பெயரை எழுதாதீர்கள். ஐ.சி.யு. வாசலில் சித்தப்பாவும் மாமனும் குரலை உயர்த்தும்போது கலங்காமல் தாளை நீட்டக்கூடியவர் யாரோ அவர் பெயரை எழுதுங்கள். பல வீடுகளில் அது மகளாக இருக்கும். மதுரை வீடுகளில் அதைச் சொல்லத்தான் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

வேறு மூன்று தாள்களை இதோடு குழப்பிக்கொள்கிறவர்களையும் பார்க்கிறேன். சொத்து உயில் இறந்தபின்தான் பேசும். பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி அந்த அதிகாரமும் முடிந்துபோகும். தேவைப்படும் நேரத்தில்தான் அது இல்லாமல் போகும் என்று பொருள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் வரும் முன் அறிவுறுத்தல் மனநோய் சிகிச்சைக்கு உரியது.

மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். ஒன்றுக்கு மேற்பட்ட பத்திரங்கள் இருந்தால் கடைசியாகக் கையொப்பமிட்டதே செல்லும். நோட்டரி கட்டணமும் தட்டச்சுக் கூலியும் ஐ.சி.யு.வின் ஒரு நாள் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. பிள்ளைகள் சிதறிக் கிடக்கும் குடும்பத்துக்கும், பிள்ளை இல்லாத தம்பதிக்கும், இரண்டாம் திருமணம் போன்ற காரணத்தால் உறவு சிக்கலாக இருப்பவருக்கும், தனியாக வாழ்பவருக்கும் இதற்கு ஈடான வழி இல்லை என்பது என் கருத்து.

## வழி மூன்று: நோய் வந்தபின் மருத்துவரோடு பேசி முடிவெடுப்பது

புற்றுநோயோ, சிறுநீரகச் செயலிழப்போ, முற்றிய இதய நோயோ ஏற்கெனவே வந்துவிட்டவருக்கு இந்த வழி முதலில் வர வேண்டும். நினைவோடு இருக்கும்வரை எந்தச் சிகிச்சையையும் மறுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. அதற்குப் பத்திரம் தேவையில்லை. இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம் என்று கேஸ் ஷீட்டில் முன்கூட்டியே குறித்து வைப்பதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நோயின் போக்கு தெரிந்தபின் பேசுவதால், கற்பனையில் எழுதும் வாசகத்தைவிட இந்தப் பேச்சு துல்லியமாக இருக்கும்.

குறை என்னவென்றால், அந்தக் குறிப்பு இதயம் நிற்கும் அந்தக் கணத்துக்கு மட்டுமே; வெண்டிலேட்டரையும் டயாலிசிஸையும் பற்றி அது பேசாது. பேச்சு முழுவதும் ஒரே மருத்துவரை நம்பி நடக்கிறது. நள்ளிரவில் வேறு மருத்துவமனைக்கு 108-ல் கொண்டுபோனால், அங்குள்ள டியூட்டி டாக்டருக்கு அந்தப் பேச்சு தெரியாது. திடீர் பக்கவாதம், சாலை விபத்து ஆகியவற்றில் பேசுவதற்கு நேரமே கிடைக்காது. நம் வீடுகளில் நோயின் பெயரையே நோயாளியிடம் மறைக்கும் பழக்கமும் இருக்கிறது. அப்படி மறைத்த வீட்டில் இந்த வழி திறப்பதே இல்லை.

## வழி நான்கு: எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போவது

மருத்துவர் ஆலோசனைக்கு மாறாகச் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம் என்று கையெழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸில் ஆக்சிஜனோடு ஊருக்குக் கொண்டுபோய், சொந்த வாசலில் உயிர் பிரியட்டும் என்று காத்திருப்பது நம் கிராமங்களில் மிகப் பழகிய காட்சி. பிறந்த மண்ணில், பேரப்பிள்ளைகள் பால் ஊற்ற, சொந்தக் கட்டிலில் போக வேண்டும் என்ற ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். பணமும் அங்கே நின்றுவிடும்.

ஆனால் அந்தத் தாளில் நோயாளியின் விருப்பம் எங்கும் இல்லை; பொறுப்பு முழுவதும் கையெழுத்துப் போட்டவருடையது. மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் வலி மருந்தும் நின்றுவிடுகிறது என்பதுதான் பெரிய இழப்பு. மூச்சுத் திணறலோடு இரண்டு நாள் கிடப்பவரைச் சுற்றி நின்று பார்ப்பதற்கு, வீடு என்ற சொல்லின் ஆறுதல் போதாது. போகும் முன் வலி தணிப்புச் சிகிச்சை, அதாவது பாலியேட்டிவ் கேர் தரும் மருத்துவரிடமிருந்து மார்ஃபின் போன்ற மருந்துகளுக்குச் சீட்டு வாங்குங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சை தருவதும் அடங்கும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம். இறப்புக்கான காரணத்துக்கு மருத்துவச் சான்று தரப்போவது யார் என்பதையும் முன்பே பேசி வையுங்கள். 21 நாட்களுக்குள் பதிவு செய்யும்போது அது தேவைப்படும். இந்த ஏற்பாடுகளோடு போனால் நான்காம் வழி நல்ல வழியாகவும் ஆகலாம்.

## யாருக்கு எது

உடல்நலத்தோடு இருக்கும் அறுபது வயதுக்காரர் என்னைக் கேட்டால் இரண்டாம் வழியைத்தான் சொல்வேன். நோய் முற்றியவருக்கு மூன்றாம் வழியில் தொடங்கி, கை நடுங்காமல் கையெழுத்துப் போட முடிகிறபோதே இரண்டாவதையும் முடித்துவிடச் சொல்வேன். நான் எழுதிய பத்திரத்தில் என் மகள் பெயரும் தம்பி பெயரும் இருக்கின்றன. ஒரு பிரதி பீரோவில் பென்ஷன் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது, அதன் புகைப்படம் மூன்று பேர் செல்போனில் இருக்கிறது.

என் அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. அவருக்கும் ஒன்று எழுதலாம் என்று தாளை எடுத்துக்கொண்டு போனேன். "எழுதிக் குடுத்துட்டா எமன் தேதி குறிச்சுருவான்டா" என்று பேனாவைத் தொடவே மறுத்துவிட்டார். வற்புறுத்தவில்லை, தாமாக முன்வந்து எழுதாத பத்திரம் பத்திரமே அல்ல. அடுத்த மாதம் சித்திரைத் திருவிழாவுக்கு பிள்ளைகள் நாங்கள் நான்கு பேரும் கூடியபோது, எதிர்சேவை பார்த்துவிட்டு வந்த களைப்பில் திண்ணையில் உட்கார்ந்து, தமக்கு மிஷின் வேண்டாம், மேலூர் வீட்டிலேயே இருக்க வேண்டும், வலி மட்டும் தெரியக் கூடாது என்று மூன்றையும் தாமே சொன்னார். சென்னையிலிருந்து வந்திருந்த கடைசித் தங்கை அதைச் செல்போனில் எடுத்தாள். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் நர்சம்மாவிடம் அம்மாவின் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறோம்.